லிஸ்பனில் ஓர் ஆள்மாறாட்டம்

மே 8, வியாழன். மாட்ரிட்

இரவு எட்டரை மணிக்குப் பளீரென்று வெயில் அடிக்கிறது. சூரியனுக்கே வேலை நேரம் கிடையாத நாடு. இன்று ஓர் அரண்மனையைக் காட்டினார்கள். மூவாயிரம் அறைக்கு மேல் உண்டாம். நாங்கள் பார்த்ததில் ஒன்றில்கூட மின்விசிறி இல்லை. எங்கள் சுற்றுலாக் கூட்டத்து முப்பத்திரண்டு பேரும் ஒரு நாற்காலி விடாமல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கே அரண்மனையைத் தங்கள் பெயருக்குப் பத்திரம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்களைப் போல.

என்னோடு அறையில் இருப்பவர் ஈரோட்டு ராசாமணி. வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருக்கிறார். நல்ல மனுஷி, வாய்தான் மூடாது. இப்போது குளிக்கப் போயிருக்கிறார். அதற்குள் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

நான் சண்முகவடிவு. பதிவுத்துறையில் முப்பத்துநாலு வருடம், அதில் பதினோரு வருடம் சார்பதிவாளர். ஓடிவந்த ஜோடிகள் மாலையும் கழுத்துமாக என் மேசை முன்னால் நின்றதை எண்ணி முடியாது. அவர்களைப் பெற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

என் மகள் கோமதிக்கு லிஸ்பனில் நான்கு வருடமாகக் கணினி வேலை. அங்கே நூனோ என்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். தொழில், வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. முப்பத்தேழு வயது ஆண்பிள்ளை, யாரோ கட்டிய கோட்டையைக் கை நீட்டிக் காட்டிச் சம்பாதிக்கிறான்.

அந்த நாட்டில் கல்யாணத்தைப் பதிய வேண்டுமென்றால், பெண்ணுக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று நம் தாசில்தாரின் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பெற்றவர் மனு போட வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்பு கோமதி எல்லாக் காகிதங்களையும் கூரியரில் அனுப்பிவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். அரசாங்கத்தில் பரிசீலனை என்றால் அப்படித்தான்.

தாலுகா ஆபீசில் இழுத்தடிக்கிறார்கள் என்று கோமதியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் கேட்பாள். நானும் அதையே சொல்வேன். "சரிம்மா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாளை மறுநாள் லிஸ்பனில் எங்களுக்கு ஓய்வு நாள். கோமதிக்கு நான் வந்திருப்பது தெரியாது. திருச்செந்தூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நம் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை. பெட்டிக்கடைக்காரரைக் கேட்போம், பால்காரரைக் கேட்போம், வேலை பார்க்கும் இடத்தில் பியூனைக் கேட்போம். லிஸ்பனில் எந்தப் பெட்டிக்கடைக்காரரை எனக்குத் தெரியும்? அதனால் ஆளையே ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டுவிட்டேன். அவனுடைய இணையப் பக்கத்தைக் கோமதிதான் ஒருகாலத்தில் பெருமையாக அனுப்பியிருந்தாள்.

பெயர் கொடுத்தது என் அக்காவுடையது. காந்திமதி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆள்மாறாட்டம் செய்ய வந்தவர்கள் நாலு பேரைப் பிடித்துப் போலீசில் கொடுத்தவள் நான். அவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்.

மே 9, வெள்ளி

நாள் முழுக்கப் பேருந்து. இரண்டு பக்கமும் ஒலிவ மரங்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் "ஆகா" என்றார்கள், பிறகு தூங்கினார்கள். எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை. சோதனைச் சாவடி இல்லை, முத்திரை இல்லை. இரண்டு நாடுகள் இப்படியா அலட்சியமாக இருப்பது?

லிஸ்பன் ஹோட்டலில், சுற்றுலாவோடு கூடவே வருகிற சமையல்காரர் ரசம் வைத்தார். இந்த ஊரில்தான் கோமதி இருக்கிறாள். ரசத்தில் புளி அதிகம்.

மே 10, சனி. காலை 7.30

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார் போட்டிருக்கிறேன். கோமதி அவனுக்கு என் படத்தைக் காட்டியிருந்தால் அதில் புடவையில்தான் இருப்பேன். கருப்புக் கண்ணாடி, தலையில் துணித்தொப்பி. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் போதைப்பொருள் கடத்துகிற கிழவி மாதிரி இருக்கிறது.

"அக்கா, நீங்கதானுங்களா? யாரோன்னு பயந்துட்டனுங்க" என்றார் ராசாமணி.

வயிறு சரியில்லை, டாக்டரிடம் போகிறேன் என்றேன்.

"அப்பொ தொணைக்கி நானும் வாரனுங்க. தனியா எப்புடிப் போவீங்க?"

"தொத்துவியாதியா இருந்தாலும் இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு துணைக்கு யாரும் வரவில்லை.

காலை 9.50

சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தரை முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்து அலை அலையாக வரைந்து வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் தலை சுற்றுகிறது. நடக்கிறவனை மயக்கம் போட வைக்க ஒரு நகராட்சி இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது.

பத்து மணிக்கு வரச் சொன்னவன் பத்து நிமிடம் முன்பே வந்து அந்தப் பக்கம் நிற்கிறான். தாமதத்துக்கு மதிப்பெண் குறைக்கலாம் என்று இருந்தேன். உயரம், ஒல்லி, முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. செருப்புக்கடையில் அடி மாற்றித் தைத்த ஷூ. முதுகில் பெரிய பை. பிச்சை எடுக்கிற ஆள் இல்லை, பெரிய ஆளும் இல்லை.

மதியம் 12.15

ஒரு கடை வாசலில் எழுதுகிறேன். அவன் பேசுவது இங்கிலீஷ், எனக்குப் புரிந்ததைத் தமிழில் குறிக்கிறேன்.

காந்திமதி என்ற பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துச் சரியாக்கிக்கொண்டான். பிறகு கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனான். 1755-இல் பூகம்பம், பின்னாலேயே கடல் ஊருக்குள் வந்தது, அதன் பின்னால் தீ, எல்லாம் ஒரே காலையில். அதன் பிறகு இந்தத் தெருக்களை அளவுகோல் வைத்த மாதிரி நேராகக் கட்டினார்களாம். சுவருக்குள் மரச்சட்டம் வைத்தார்களாம். ஆடினாலும் விழாதா என்று பார்க்க, மாதிரிக்காகக் கட்டிய ஒரு கட்டடத்தைச் சுற்றிச் சிப்பாய்களை மிதித்து நடக்க விட்டார்களாம்.

"இதற்கு ஆதாரம் என்ன?" என்றேன்.

"எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் 'செய்தார்களாம்' என்கிறேன்" என்றான்.

ஆவணம் இல்லை என்று தானாக ஒப்புக்கொண்டவர்கள் என் பணிக்காலத்தில் மூன்றே பேர். மூன்று பேரும் உருப்படவில்லை.

எல்லாம் இடிந்துபோன பிறகு எந்த மனை யாருடையது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். இடிபாட்டுக்கு நடுவிலேயே பழைய மனைகளை அளந்து ஒரு பதிவேடு எழுதினார்களாம். யாருக்கு எவ்வளவு இருந்தது என்பதைப் பார்த்துத்தான் புது மனை கொடுத்தார்களாம். இந்தப் பயணத்தில் காதில் விழுந்த உருப்படியான செய்தி இது ஒன்றுதான். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகு மேட்டில் ஒரு கோயில். பூகம்பத்தில் கூரை விழுந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். தூண்களும் வளைவுகளும் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கூரை இல்லாத கட்டடத்துக்கு நம் ஊரில் இடிப்பு நோட்டீஸ் ஒட்டுவோம். இங்கே நுழைவுச்சீட்டு கொடுக்கிறார்கள்.

மதியம் 2.10

சாப்பாட்டுக் கடை. அவன் கைகழுவப் போயிருக்கிறான்.

இந்த ஊர்க் கீரை சூப்பில் ஒரு துண்டு மாமிசத்தைப் போடுவார்களாம். நான் சைவம் என்று முன்பதிவில் ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தேன். இவன் நேற்றே கடைக்குப் போன் செய்து தனிப் பாத்திரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறான். இனிப்பு வந்ததும், "இதில் முட்டை இருக்கிறது, உங்களுக்கு ஆகாது" என்று தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?"

"நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பெண், கோமதி. உங்கள் நாடுதான். தமிழ்."

"எப்போது கல்யாணம்?"

"அதை விடுங்கள். இது உங்கள் நாள், என் கதைக்கான நாள் இல்லை" என்றான்.

நான் விடவில்லை. வாயைப் பிடுங்குவதுதானே என் தொழில். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பிப்ரவரியில் ஒரு தேதி வாங்கியிருந்தார்கள், ரத்தாகிவிட்டது. ஏப்ரலில் ஒன்று, அதுவும் ரத்து. தூரத்துத் தீவு ஒன்றில் மீன்பிடிக்கிற அவன் அப்பா இரண்டு தடவையும் கோட்டு சூட்டோடு விமானம் ஏறி வந்து திரும்பிப் போயிருக்கிறார். ஊரிலிருந்து ஒரு காகிதம் வர வேண்டுமாம். அது வரவில்லையாம்.

"ஏன் வரவில்லை?"

"ஒரு அதிகாரி அந்தக் கோப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறார். எட்டு மாதமாக. கோமதியின் அம்மா பாவம். வயதானவர், முழங்கால் வலி வேறு. அந்த வெயிலில் வாரா வாரம் அந்த அலுவலகத்துக்கு நடக்கிறார். வரிசையில் நிற்கிறார். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு அம்மாவை இப்படி அலைய வைக்க எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை. அந்த அதிகாரிக்குப் பிள்ளை குட்டி இருக்காது என்று நினைக்கிறேன்."

சூப்பு ஆறிப்போய்விட்டது. ஆறினால் அது நன்றாக இல்லை.

மாலை 4.00

டிராமில் போய் ஆற்றங்கரையில் பெரிய மடத்தைப் பார்த்தோம். வாசலை ஒட்டியே வாஸ்கோடகாமாவைப் புதைத்து, மேலே அவர் கைகூப்பிப் படுத்திருப்பதுபோலக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். மிளகு வாங்க வந்த ஆள். எங்கள் கடற்கரையில் அவர் கூட்டம் பண்ணியதைப் படித்தவர்களுக்கு அந்தக் கைகூப்பலைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

"பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்ன கதை வேண்டுமா, நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட கதை வேண்டுமா?" என்றான். இரண்டாவதைக் கேட்டேன். வாஸ்கோடகாமா நடுக்கடலில் எரித்த கப்பலையும் அதில் இருந்த ஹஜ் யாத்திரிகர்களையும் மறைக்காமல் சொன்னான். தன் நாட்டுக்காரன் என்று பூசி மெழுகவில்லை.

குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கிறது.

அவன் சொன்னதையே மனம் மென்றுகொண்டிருக்கிறது. வாரா வாரம் வெயிலில் நடக்கிற ஓர் அம்மாவைக் கோமதி உண்டாக்கி வைத்திருக்கிறாள். அவள் நான் சொன்ன பொய்யை நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான். நம்பியதில் என்ன தப்பு? பெற்ற தாய் சொன்னால் பிள்ளை நம்பத்தான் வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தேன். எழுதியும் சரியாக வரவில்லை.

மாலை 6.40

ஹோட்டலுக்கு வந்துவிட்டேன். ராசாமணி கடைக்குப் போயிருக்கிறார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசியாகப் பழைய ஊருக்குள் ஏறினோம். சந்துகள் எல்லாம் படி. மேலே ஒரு வெட்டவெளி, கீழே சிவப்பு ஓடுகளும் ஆறும். என் முழங்கால் போன விதத்தைப் பார்த்து, பையிலிருந்து மடக்குநாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டான். துணி நாற்காலி. அந்தப் பெரிய பைக்குள் அதுதான் இருந்தது. உட்கார்ந்தேன். நின்றுகொண்டே இருப்பேன் என்று வீம்பு பண்ணுகிற வயதில்லை.

"இங்கே இருக்கிற இந்தியத் தூதரகத்தில் அந்தப் பெண் எழுதிக்கொடுத்து வேறு மாதிரி சான்று வாங்கலாமே?" என்றேன். எனக்கு அது முன்பே தெரியும். இத்தனை நாளாகக் கோமதிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"வாங்கலாம். நானே விசாரித்துச் சொன்னேன். வேண்டாம் என்கிறாள். அந்தக் காகிதம் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமாம். ஜூன் இருபத்தேழுக்கு மூன்றாவது தேதி வாங்கியிருக்கிறோம். அதற்கும் வரவில்லையென்றால் இனிமேல் தேதியே கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்."

"அப்படியென்றால்?"

"அப்படியென்றால் கல்யாணம் கிடையாது. என்னோடு சண்டை இல்லை. அது இல்லாமல் அவளால் முடியாதாம்."

பிறகு அவனாகவே சொன்னான்.

"எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. ஒரு வக்கீலை வைத்து அந்த அதிகாரி மேல் புகார் கொடுக்கலாம் என்றேன். கோமதிக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை அவள் என்னிடம் கோபப்பட்டதே இல்லை. 'அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசாதே. வாழ்க்கையில யாருக்கும் அநியாயம் பண்ணாதவங்க. பயத்துல வச்சிருக்காங்க, குடுத்துருவாங்க' என்றாள். அந்த அதிகாரியை உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். 'பொறந்ததுல இருந்து' என்றாள். சின்ன ஊர் போலிருக்கிறது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிகிறது."

கருப்புக் கண்ணாடி போட்டிருந்ததற்கு இன்றைக்கு ஒரு பலன் கிடைத்தது.

அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான் சொன்ன பொய்யைக் கேட்டு "சரிம்மா" என்றிருக்கிறாள். இவனிடம் என் மானத்தைக் காப்பாற்ற என்னை இரண்டு ஆளாக வெட்டி, ஒருத்தியை வெயிலில் நடக்க விட்டிருக்கிறாள், இன்னொருத்தியை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒருவரும் அறியாமல் ஆள்மாறாட்டம் செய்ய வந்தேனாம்.

பயம்தான். அவள் எட்டாவது படிக்கும்போது அவள் அப்பா இறந்துபோனார். அதிலிருந்து எனக்கு அவள், அவளுக்கு நான். அந்தச் சான்றிதழில் தாசில்தார் கையெழுத்து விழுந்த பிறகு அவள் இந்த ஊர்க்காரி. எனக்கு யார்? எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

இறங்கும்போது அவன் ஒரு தடித்த நோட்டை நீட்டினான். வந்தவர்கள் தங்கள் மொழியில் ஏதாவது எழுதிப்போவார்களாம். ஜப்பான், கொரியா, அரபு, எல்லாம் இருந்தன.

"தமிழில் இதுவரை ஒருவரும் எழுதவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் கோமதி படித்துச் சொல்வாள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றான்.

"வழிகாட்டி சுமார்" என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதியது இது.

"காலஞ்சென்ற நெல்லையப்பன் அவர்களின் மனைவி சண்முகவடிவு ஆகிய நான், சுய நினைவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுப்பது என்னவென்றால், என் மகள் கோமதிக்கு இன்றைய தேதி வரை திருமணம் ஆகவில்லை. அவள் இந்த நோட்டின் உரிமையாளரைத் திருமணம் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. அவளது மனு இதுவரை எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. அதை வைத்திருக்கும் அதிகாரி நான்தான். இன்று பொய்ப்பெயரில் வந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். இவர் முழங்கால் வலிக்காரிக்கு நாற்காலி சுமக்கிறார்."

கீழே என் கையெழுத்தைப் போட்டேன். தேதி, இடம், தங்கியிருக்கும் ஹோட்டல் பெயர் எல்லாம் எழுதினேன்.

இது செல்லாது. முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை, அலுவலக முத்திரை இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். அவன் அதைத் தடவிப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது, கவிதையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மே 11, ஞாயிறு. காலை 7.45

விமான நிலையம் போகப் பேருந்து வந்துவிட்டது. சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆறரைக்கு வரவேற்பறையிலிருந்து போன். கீழே கோமதி நின்றாள். தலை வாரவில்லை. இரண்டரை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சுடிதார் போட்டியாமே?"

"போட்டேன். அதுக்கென்ன?"

"எனக்குக் காட்டாம அவருக்குக் காட்டிருக்கே." அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "எட்டு மாசம்மா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னைக்காவது நெசத்தைச் சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீ கேட்டுருக்கலாம்லாட்டி."

"கேட்டா குடுத்துருப்பே. கேட்டுக் குடுக்கதுக்கு எதுக்கு? நீயாக் குடுக்கணும்."

"அந்த ஆளு எங்க?" என்றேன்.

"வெளிய நிக்காரு. உள்ள வரமாட்டேங்காரு. ராத்திரி தூங்கவே இல்ல. அந்த ஆபீசரைப் பத்தி உங்கிட்டயே என்னென்னமோ சொல்லிட்டாராமே."

அவன் நாள் முழுக்க என்னைக் கண்டுபிடிக்கவே இல்லையாம். துளிச் சந்தேகம்கூட வரவில்லையாம். என் படம் அவன் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறதாம். இவ்வளவு வெகுளியான ஆளை எந்த அலுவலகத்திலும் வாசலில்கூட நிறுத்தி வைக்க மாட்டார்கள். வெளியே போய்ப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்றான். "தப்பாக ஒன்றும் சொல்லவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இடது காலை மட்டும் தொட்டான்.

"ஊருக்குப் போன ஒடனே மனுவைக் குடுத்துருதேன்" என்றேன் கோமதியிடம்.

"பாப்போம்" என்றாள்.

மே 13, செவ்வாய்

வீடு. பீரோவிலிருந்து கோப்பை எடுத்தேன். பட்டுப்புடவை வாசனை அடிக்கிறது.

மே 20, செவ்வாய்

மனு போன வாரமே பதிவாகிவிட்டது. இன்று விசாரணை என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்படியாம்மா? சரி, வரிசையில நில்லுங்க" என்றார் மேசையில் இருந்த பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தலை நிமிரவில்லை. நானும் இப்படித்தான் நிமிராமல் பேசியிருக்கிறேன் என்பது, இந்தப் பக்கம் நின்றால்தான் தெரிகிறது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிவிடுமா?

மே 22, வியாழன்

கத்திரி வெயில். பதினொரு மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் இருபத்தாறு பேர். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் சாட்சிக்கு வர வேண்டும் என்று இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் சாப்பாட்டு நேரம். மறுபடி வரிசை. மூன்று மணிக்குக் கோமதி கூப்பிட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்திருப்பார், தேதி நெருங்குகிறதே.

"என்னம்மா ஆச்சு?"

"ஆபீஸ்ல இழுக்காங்கட்டி."

இந்த வார்த்தையை அவளிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நெசமாத்தான் சொல்லுதேன். வரிசையில நிக்கேன். சாட்சிக்காரங்களும் நிக்காங்க."

"சரிம்மா" என்றாள். அதே "சரிம்மா".

முப்பத்துநாலு வருடம் வந்தவனிடமெல்லாம் ஆதாரம் கேட்டவள் நான். ரேஷன் கார்டு எங்கே, அடையாள அட்டை எங்கே, இது நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டவள். போனைத் திருப்பிப் பிடித்து, அலுவலகப் பெயர்ப்பலகையும் என் முகமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். பின்னால் நின்றவர் "கெழவி வெளையாடுதா பாரு" என்றார். பலகை பாதிதான் விழுந்தது, முகம் கோணல். அப்படியே அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது.

"மூஞ்சியெல்லாம் வேர்வை. நெழல்ல நில்லும்மா."

சுற்றுமுற்றும் பார்த்தேன். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு இங்கே நிழல் கிடையாது. என் அலுவலகத்திலும் நான் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்ததில்லை. "நிக்கேன்" என்று பதில் எழுதிவிட்டு, வெயிலில் அங்கேயே நின்றேன். ஐந்து மணிக்குச் சான்றிதழில் தாசில்தார் கையெழுத்து ஆனது.